பதினெட்டுத் தப்படி நிழல்

அவர் கடைசியாகத் தேடியது பேனாவை.

"இந்த வீட்ல எதைத் தேடினாலும் கிடைக்காது. பேனா எங்கடி?"

"காதுல சொருகியிருக்கே, அது என்ன, கம்மலா?"

காதைத் தடவிப் பார்த்து அசடு வழிந்தார். சமையலறை மேசைமேல் சாகுபடி மானிய விண்ணப்பம் விரித்தபடி இருந்தது. பரப்பளவு எழுத வேண்டிய கட்டம் மட்டும் காலி. "மோட்டாரை நிறுத்திட்டு வந்து எழுதறேன்" என்று போனவரை, வாய்க்கால் ஓரத்திலிருந்து நாலு பேர் தூக்கி வந்தார்கள்.

நிலம் அவள் பேருக்கு மாறி வந்தபோது விதைப்புக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மானியம் வந்தால்தான் விதை வாங்க முடியும். கொழுந்தன் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்: "வரலைன்னா சொல்லுங்க அண்ணி, குத்தகைக்கு நான் எடுத்துக்கறேன். தனியா எதுக்குக் கஷ்டப்படறீங்க?" நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வயலின் கிழக்கு ஓரத்தில் ஒரு பெரிய மரம். அதன் அடியில் புல்கூட முளைக்காது. ஒவ்வொரு வருடமும் அவள் கணவர் அந்த இடத்தை அளந்து, பரப்பில் கழித்துத்தான் எழுதுவார். அலுவலகத்து எழுத்தர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"எல்லாரும் வரப்பையும் சேத்து எழுதறாங்க. நீங்க நிழலைக் கழிக்கிறீங்களே பெரியவரே!"

"மரம் பேருக்குப் பணம் வாங்கிட்டு அதுகிட்ட எப்படிங்க கொடுக்கறது?"

அளப்பதற்கு அவரிடம் கயிறும் கிடையாது, கோலும் கிடையாது. புல் முளைக்காத அந்த நிழல் முடிகிற இடத்தில் அவளை நிறுத்துவார். எதிர்முனையிலிருந்து காலை அகட்டி வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே வருவார். அவள் முன்னால் வந்து நிற்கும்போது எப்போதும் பதினெட்டுத் தப்படி. "ஒண்ணு கூடுதுன்னா நீ நகர்ந்துட்டேன்னு அர்த்தம்" என்பார்.

இந்த முறை அவள் தனியாக நடந்தாள். தான் வழக்கமாக நிற்கிற இடத்தில் ஒரு கல்லை வைத்துக்கொண்டாள். இருபத்துநாலு வந்தது. திரும்பவும் நடந்தாள். அதே இருபத்துநாலு. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்தாம் நாள் கள ஆய்வாளர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்னம்மா இது? போன வருஷம் நிழல் பதினெட்டுத் தப்படி, இப்போ இருபத்துநாலு. ஒரே வருஷத்துல மரம் இவ்வளவு வளருமா? அளவு ஒத்துவரலைன்னா விண்ணப்பம் தள்ளுபடிம்மா."

அவள் மரத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள்.

"மரம் வளரல தம்பி. நடந்த கால் வேற."

ஆய்வாளர் பையைத் திறந்து டேப்பை எடுத்தார்.

"இந்த முனையைப் பிடிச்சிக்கிட்டு அந்தப் பக்கம் போய் நில்லுங்கம்மா."

எங்கே நிற்பது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு நின்றாள். அவர் டேப்பை இழுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். நிழலின் விளிம்பில் குனிந்து படித்தார். கோப்பைப் புரட்டி, போன வருட ஆய்வில் டேப் வைத்து எழுதிய அளவைப் பார்த்தார். இருபத்துநாலை அடித்துவிட்டுத் திருத்தி எழுதி, பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

"கொழுந்தன்கிட்ட விதை வாங்கச் சொல்லிடலாமா தம்பி?"

"தாராளமாச் சொல்லுங்கம்மா."

பதிமூன்றரை மீட்டர். போன வருடமும் அதுதான்.