வலது பின்சக்கரம்

குழிக்குள் இறங்கிப் பார் என்று பட்டறைக்கார பாய் சொன்னதும் பாக்கியநாதனுக்குச் சுர்ரென்று ஏறியது. பாய் மேல் இல்லை. லாரிக்கு அடியில் நின்று வேலை பார்க்க வெட்டிய குழியின் இரண்டு விளிம்பிலும் சக்கரத்தை வைத்துக்கொண்டு, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பது போல நின்றதே அந்தச் சிவப்பு வண்டி, அதன் மேல். மூன்று மாதம் கழித்து இன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறான். புது பம்பர், புது விளக்கு, நசுங்கிய கதவுக்குப் பதில் புதுக் கதவு. எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்கள். கெட்டுப்போன அவனுடைய பெயரை மட்டும் யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை. கதவில் ஓர் உதை விட்டால் என்ன என்று கால் துறுதுறுத்தது. ஆனால் வருஷக்கணக்காகத் துடைத்த கை. கூரையில் காய்ந்திருந்த காக்கை எச்சத்தைத் தானாகவே போய்ச் சுரண்டியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

வண்டி சந்திரமோகனுடையது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் தகடு அடிக்கிற பிரஸ் கம்பெனி வைத்திருப்பவர். அவரிடம் பதினேழு வருஷம் டிரைவராக இருந்தான் பாக்கியநாதன். கம்பெனி வேன், பெரிய கார், கடைசியில் இது. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் வண்டி, இரண்டே சீட்டு, தரையோடு தரையாக உட்கார வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன் யாரிடமோ ஆசைப்பட்டு வாங்கினார். வாங்கினாரே ஒழிய ஓட்டுவதென்னவோ இவன்தான். ரேஸ் வண்டியை வாங்கிவிட்டு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் ஸ்கிராப் விலை பேசுகிற ஆளை ஆண்டவர் இந்த ஒரு ஊருக்குத்தான் படைத்தார்.

போன வருஷம் ஆடியில்தான் முதன்முதலாக அந்த ஆட்டம் தெரிந்தது. இடப்பக்கம் வளைகிறபோது வண்டியின் பின்பக்கம் லேசாக வெளியே நழுவும். டயரில் காற்று பார் என்றார் சந்திரமோகன். காற்று சரியாக இருந்தது. ஐப்பசி மழையில் இன்னும் நன்றாக நழுவியது. மறுபடி சொன்னான். சென்னைக்கு அனுப்பி, சக்கரக் கோணம் பார்க்கிற கம்ப்யூட்டர் மெஷினில் ஏற்றினார்கள். திரையில் எல்லாக் கட்டமும் பச்சை. அந்தத் தாளை மடித்து டேஷ்போர்டில் போட்டுவிட்டார். மார்கழியில் மூன்றாம் தடவை சொன்னபோது, வந்திருந்த விருந்தாளிகளுக்கு முன்னால் வைத்து, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவனும் சிரித்து வைத்தான். அப்படிச் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் பல்லைப் பிடுங்கிப் போடலாம் போலிருக்கிறது.

பொங்கல் கழிந்த வாரம், மதியம் மூன்று மணிக்கு, நெடுஞ்சாலையிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் இடப்பக்க வளைவு. எதிரே ஒரு சைக்கிள்காரர் தடுமாறினார், இவன் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தான். எடுத்தான், அவ்வளவுதான். பின்பக்கம் சுழன்று, வண்டி சாலைக்குக் குறுக்கே போய் மழைநீர்க் கால்வாய்ச் சுவரில் மோதி நின்றது. இவனுக்கு நெற்றியில் நாலு தையல். சந்திரமோகனுக்கு இடது காறை எலும்பு முறிந்தது. கண்மண் தெரியாமல் ஓட்டினான், குடித்திருப்பான் என்று நினைக்கிறேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே போலீஸிடம் சொன்னார். ஊதச் சொன்ன மெஷினில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் ஊர் வாய்க்கு எந்த மெஷின் உண்டு? சிப்காட் முதலாளிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் இவன் போட்டோவோடு ஓர் எச்சரிக்கை போனது. அன்றைக்கு ராத்திரி தையல் போட்ட நெற்றியோடு வீட்டுக்குப் போனவனைச் செண்பகம், இவன் மனைவி, சோறு போட்டுவிட்டு, தலையை நிமிர்த்தாமல், "குட்சிருந்தியா?" என்று கேட்டாள். அவனுக்குக் குடிப் பழக்கமே கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாள். போலீஸை மன்னித்தாலும் மன்னிப்பான், அந்தக் கேள்வியை மன்னிக்க முடியவில்லை.

அதன்பிறகு ஒரு முதலாளியும் சாவியைக் கையில் கொடுக்கவில்லை. ஒரு குடோன் வாசலில் கயிறு கட்டிய மூங்கிலைத் தூக்கி இறக்கும் வேலை கிடைத்தது. வருகிற லாரிக்குத் தூக்கு, போகிற லாரிக்குத் தூக்கு. தெரிந்த டிரைவர்கள் ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்து, யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஆறுதலுக்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம்.

இன்று காலையில்தான் அசன் முகைதீன் பாய் போன் செய்தார். புதுவாயலில் லாரிப் பட்டை போடுகிறவர். லாரிக்கு அடியில் வில்லை வில்லையாக அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளை முப்பது வருஷமாகக் கழற்றி மாட்டுகிறவர். கம்பெனி லாரிகளெல்லாம் அவரிடம்தான் வரும். "ஒன் சேப்பு வண்டி நம்மகிட்ட வந்துக்குது" என்றார். சந்திரமோகனே போன வாரம் அதை ஓட்டிக்கொண்டு போனாராம், அவருக்கும் அதே மாதிரி சுழன்றதாம், மயிரிழையில் தப்பித்தாராம். சென்னையில் மறுபடி மெஷினில் ஏற்றினால் மறுபடி எல்லாம் பச்சை. கம்பெனி மேனேஜர்தான் பாயிடம் காட்டலாம் என்று தள்ளிவிட்டிருக்கிறார்.

பாக்கியநாதன் மூங்கிலை அப்படியே தூக்கி நிறுத்திவிட்டு பஸ் ஏறினான். போன வாரம். ஏழு நாளாக அந்த மனிதருக்குத் தெரியும். ஏழு நாளில் ஒரு போன் போட, பாக்கியம், வண்டியில்தான் கோளாறு என்று நாலு வார்த்தை சொல்ல, அவருக்கு வாய் வரவில்லை. பஸ் முழுக்க அவன் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தான்.

பாய் முதலில் வண்டியைத் தொடவே இல்லை. வலது பின்டயரின் உள்பக்க விளிம்பைத் தடவச் சொன்னார். வழுவழுவென்று தேய்ந்திருந்தது. வெளிப்பக்கம் புத்தம்புது டயர்.

"மெசினு பொய் சொல்லும், டயரு சொல்லாது. இப்ப நீ சொல்லு. வால் அடிக்கறது காலை அமுக்கும்போதா, எடுக்கும்போதா?"

"எடுக்கும்போது."

"பிரேக்கு தொட்டியா?"

"தொடல பாய். தொடறதுக்குள்ள சுத்திகிச்சு. இத்த யாருமே எங்கிட்ட கேக்கல."

"எந்தப் பக்கம் வளையும்போது?"

"எடது. எப்பவும் எடது."

பாய் தலையை ஆட்டினார். அதன்பிறகு அவர் சொன்னது இதுதான். லாரியில் பட்டைகளின் நடு போல்ட் உடைந்தால் பின் அச்சு ஒருபக்கம் நகர்ந்துவிடும், லாரி நண்டு மாதிரி கோணிக்கொண்டு போகும். நிற்கிறபோது பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாரம் இழுக்கிறபோதுதான் தெரியும். இந்த வண்டிக்கு நீட்டு அச்சு கிடையாது. பின்சக்கரம் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கை பிடித்துக்கொண்டிருக்கிறது. வலது சக்கரத்தைப் பிடித்திருக்கிற கை எங்கேயோ இடம் விட்டு நகர்கிறது. நிற்க வைத்து அளந்தால் பச்சைதான் காட்டும். கால் எடுக்கிற நேரத்தில் மட்டும் சக்கரம் வெளியே பார்க்கும், வண்டி சுழலும். ஆகவே நிற்க வைத்து அளக்கக் கூடாது, இழுக்கவிட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் அவர் டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். ஒன்பது மாதம் ஒருவருக்கும் புரியாதது ஒரு டீ நேரத்தில் புரிகிறது என்றால், புரிய வேண்டும் என்று யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்பதுதானே பொருள். பாக்கியநாதனுக்குக் காது மடல் சூடானது.

முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு, பாய் வயிற்றை எக்கிக்கொண்டு அந்தக் குள்ள சீட்டில் நுழைந்தார். "நீ எறங்கிப் பாரு. நான் பாத்து சொன்னா, பாய் ஒனக்காகப் பேசறான்னுவாங்கோ. நீயே பாத்து, போன்ல புடிச்சிக்கோ."

குழிக்குள் கிரீஸும் பழைய டீசலும் நாறின. போனின் டார்ச்சை வலது பின்சக்கரத்துக்கு உள்ளே காட்டினான். பாய் முதல் கியர் போட்டு கிளட்சை லேசாக விட்டார். வண்டி முன்னால் துடித்து, கட்டையில் முட்டி நின்றது. ஒன்றுமில்லை. ரிவர்ஸ் போட்டார். டக் என்று ஒரு சத்தம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை, அடிச்சட்டத்தில் வந்து சேர்கிற இடத்தில், கோடாகத் தெரிந்த ஒன்று வாய் திறந்தது. ஒரு விரற்கடை இருக்கும். உள்ளே செங்காவி நிறத் துரு. மறுபடி முதல் கியர், வாய் மூடிக்கொண்டது. மூடினால் ஒரு கோடு, அவ்வளவுதான்.

"தெரியுதா?" என்று மேலிருந்து கேட்டார் பாய்.

கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "தெரியுது பாய்" என்றான். இதை வீடியோ பிடித்து அந்தக் குரூப்பிலேயே போட வைக்க வேண்டும். செண்பகத்தின் மூக்குக்கு நேரே நீட்டி, பாரு, நல்லா பாரு என்று சொல்ல வேண்டும்.

துரு சரியாகத் தெரியட்டும் என்று, குழிச் சுவரில் செருகியிருந்த தகட்டுச் சுரண்டியை எடுத்து வெடிப்பின் ஓரத்தைச் சுரண்டினான். பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்து வந்தது. சாம்பல் நிறம். பிரஸ் மெஷினுக்கு அடிக்கிற அதே சாம்பல். ஒன்றின் கீழ் ஒன்றாக எத்தனையோ பூச்சு.

சுரண்டிய கை நின்றது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்பெனி முழுக்கக் கழுவி, மெஷினுக்கெல்லாம் சாம்பல் பெயிண்ட் அடிப்பார்கள். மிச்சப் பெயிண்ட்டை எடுத்துக்கொண்டு வந்து, ஜாக்கியில் தூக்கி வைத்த வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து அடிப்பது இவன். பூசணிக்காய் மட்டும் உடைக்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன். மற்றபடி வண்டிக்கு அன்றைக்கு இவன்தான் பூசாரி. பூஜைக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்தாலும் அடிப்பக்கம் பளபளவென்று இருக்க வேண்டும் என்பார் சந்திரமோகன். எட்டு வருஷம், எட்டுப் பூச்சு. துருவைத் தேய்க்காமல், உப்புக் காற்றில் ஊறிய ஈரத்தின் மேலேயே. அது மட்டுமா? இரண்டு வருஷத்துக்கு முன் இந்த இடத்தில் தலைமுடி போல ஒரு கோட்டைப் பார்த்த ஞாபகம் இப்போது வந்தது. பெயிண்ட் வெடித்திருக்கிறது என்று நினைத்தான். வெடிப்பை அடைக்கிற பட்டிப் பசையைக் கொஞ்சம் எடுத்து அப்பி, கட்டைவிரலால் இழுத்து வழித்து, மேலே சாம்பலை அடித்தான். அந்தப் பட்டி இதோ இருக்கிறது. விரல் இழுத்த தடம் அப்படியே இருக்கிறது.

"அந்த எடத்துல பெயிண்ட்டா அட்சி வெச்சிக்கிறான்?" மேலே பாய் கத்தினார். சீட்டில் இருந்தபடியே கதவுக்கு வெளியே குனிந்து, கீழே உதிர்ந்த சாம்பல் பாளங்களைப் பார்த்துவிட்டார். "துருவ மூடி மூடி வெச்சா உள்ளுக்குள்ளயே துன்னுடும். எந்த பேமானி பண்ண வேலை இது? அவன் கைய ஒடைக்கணும்."

சுரண்டி பாக்கியநாதனின் கையில் இருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் சுரண்டினால் பட்டியும் போய்விடும், பெயிண்டும் போய்விடும். வெறும் இரும்பும் வெறும் வெடிப்பும் வெறும் துருவும்தான் வீடியோவில் இருக்கும். பெயிண்ட் அடித்தது யார் என்று சந்திரமோகனுக்குத் தெரியும். இந்தப் பட்டியைப் பார்த்தால் விடுவாரா? பார்த்தாயா, மறைத்தவனே இவன்தான் என்று இன்னொரு எச்சரிக்கை போகும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று மூன்று மாதம் வயிறெரிந்தவனுக்கு, பாவத்திலும் ஒரு பங்கு தன்னுடையது என்று தெரிந்ததும் கோபம் தணியவில்லை, இரட்டிப்பானது. பளபளவென்று இருக்கச் சொன்னவர் மேல், சொன்னதும் தேய்க்காமல் அடித்த தன் கை மேல். மூன்று தடவை வாயால் சொன்னவன், ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாமே.

வாசலில் பெரிய கார் வந்து நின்றது. புது டிரைவர் கதவைத் திறந்தான். சந்திரமோகனின் குரல் முதலில் வந்தது, ஷூ பிறகு வந்தது. "என்ன பாய், ஏதாவது கிடைச்சுதா?" குழியின் விளிம்பில் வந்து குனிந்தவர், டார்ச் வெளிச்சத்தில் இவன் முகத்தைப் பார்த்து ஒரு நொடி நிமிர்ந்துவிட்டார். "பாக்கியமா? நீ எங்க இங்க?"

"எறங்கி வாங்க சார்."

பாய் வண்டியில் இருந்து இறங்க முயன்றுகொண்டே, தானே விளக்கிச் சொல்வதாகத் தொடங்கினார். இவன் விடவில்லை.

"நீ சும்மா இரு பாய். சார் வந்து பாக்கட்டும். இங்க ஒரு வெடிப்பு கீது சார். அதுமேல பெயிண்ட் கீது. பெயிண்ட் அட்சது நானு. மூணு வாட்டி சொன்னதும் நானு. ரெண்டையும் உங்க கண்ணால பாத்துட்டு, அப்புறம் குரூப்புல இன்னா போடணுமோ போடுங்க."

பாய் பாதி சீட்டிலும் பாதி வெளியிலுமாக அப்படியே உட்கார்ந்திருந்தார். பேமானி என்ற வார்த்தை இன்னும் பட்டறையில்தான் இருந்தது. அதை அவரும் எடுத்துக்கொள்ளவில்லை, இவனும் திருப்பிக் கொடுக்கவில்லை. நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பேன்ட் எல்லாம் அழுக்காயிடும்" என்றார் சந்திரமோகன், யாரிடம் என்று தெரியாமல்.

"ஆவும் சார்."

அவர் குழியின் படிப்பக்கம் நடந்து வந்தார். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத படி. பளபளத்த கறுப்பு ஷூ கிரீஸ் படிந்த முதல் படியைத் தடவியது, வழுக்கியது, மறுபடி தடவியது. இடது கையைத் தோளுக்கு மேல் அவரால் இன்னும் தூக்க முடியவில்லை. பிடிமானம் தேடி வலது கையைக் கீழ்நோக்கி நீட்டினார். ஒன்பது வருஷம் அந்தத் தாழ்ந்த சீட்டில் இருந்து எழ, இப்படித்தான் நீட்டுவார். இவன் பிடித்துத் தூக்குவான்.

பாக்கியநாதனின் ஒரு கையில் டார்ச் இருந்தது, மறு கையில் சுரண்டி இருந்தது. டார்ச்சை அவன் அசைக்கவில்லை. வலது பின்சக்கரத்துக்கு உள்ளே, சாம்பல் பட்டியில் பதிந்திருந்த தன் கட்டைவிரல் தடத்தின் மேல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. நீட்டிய கை அவன் தலைக்கு ஒரு சாண் மேலே, காற்றில் நின்றது.