மூணாங்கட்டையில் நிறுத்தாமல் ஓடிய சேர்வர்

மண்ணுக்குள் போன பாக்கியலெட்சுமி மறுநாள் காலையில் வழமைபோலப் பெரட்டுக்கு வந்து நின்றதற்குக் காரணம், அவளுடைய தம்பி துஷாந்த் தன் மடிக்கணினியை அணைக்காமல் விட்டதுதான். மடுல்சீமைக்கு மேலே, பஸ் போய் முட்டி நிற்கும் இடத்திலிருந்து இன்னும் ஏறினால் வரும் மூணாங்கட்டைத் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு, மழை வரும்போலிருக்கிறது என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

துஷாந்த் பதுளையில் கணினி படித்து, அங்கேயே ஒரு கம்பனியில் சேர்ந்து, கொரோனா காலத்தில் வேலையையும் தூக்கிக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பி வந்தவன். தோட்டத்துப் பெரட்டைக் கைப்பேசிக்குக் கொண்டுவரும் வேலை அவனுக்குக் கிடைத்தது. காலையில் எல்லோரும் களத்தில் கூடுவார்கள், கங்காணி பேர் கூப்பிடுவார், பேர் விழுந்தவருக்கு அன்றைக்கு வேலை. இதற்கென்று ஒரு முறையான சேர்வர் கொழும்பிலிருந்து வரும் என்றார்கள். தோட்டத்துக்கு எதுதான் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது? அது வரும்வரை சோதனைக்காகத் துஷாந்தின் மடிக்கணினியே சேர்வராக ஓடியது. கோப்பில் எதையாவது திருத்திச் சேமித்தால், ஓடுவதை நிறுத்தாமலே அந்தத் திருத்தம் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவரை நினைவில் இருந்தது எதுவும் கலையாது. அடுப்பை அணைக்காமல் கறிக்கு உப்புப் போடுவது மாதிரித்தான். ஆனால் நிறுத்தி மறுபடி தொடங்கினால் நினைவில் இருந்ததெல்லாம் போய்விடும். விழுந்த பேர்களை நிரந்தரமாகப் பதிந்து வைக்கிற வேலையை அவன் அடுத்த கிழமைக்கென்று தள்ளிப்போட்டிருந்தான்.

அழகையா கங்காணி நல்ல மனிதர். பிள்ளைக்காரிகள் காலையில் படுகிற பாடு அவருக்குத் தெரியும். பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஓடி வருவதற்குள் நேரம் பிந்திவிட்டால், ஆள் வருமுன்பே பேரைப் போட்டுவிடுவார். தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரியாது, தெரிந்தாலும் தெரியாததுபோல இருந்துகொள்வார். அந்த ஐப்பசி மழையில் பாக்கியலெட்சுமிக்கும் பிந்திவிட்டது. நாலு வயது மகள் கேசினி தலைசீவ விடாமல் அழுது அடம்பிடித்தாள். கணவன் கொழும்பில் கடை வேலைக்குப் போய் அங்கேயே வேறு வாழ்க்கை தேடிக்கொண்டவன், ஆகவே பிள்ளையைப் பிடித்துக்கொள்ளவும் வீட்டில் ஆளில்லை. ஒரு வழியாக இரண்டு பின்னலையும் போட்டு, பிள்ளையைக் காம்பராவில் விட்டுவிட்டுக் களத்தை நோக்கி அவள் ஓடிக்கொண்டிருந்தபோது, அழகையா கைப்பேசியில் அவள் பேருக்கு நேரே விரலை வைத்தார். அதே நேரத்தில் பாதைக்கு மேலிருந்த மலை இறங்கியது. இராணுவத்தினர் வந்து தோண்டினார்கள். ஒரு செருப்பும் கொழுந்துக் கூடையும் கிடைத்தன, அவள் கிடைக்கவில்லை.

மறுநாள் அழகையா கைப்பேசியைத் திறந்தபோது முந்தின நாள் போட்டது அழியாமல் பாக்கியலெட்சுமியின் பேர் ஏற்கெனவே விழுந்திருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். வரிசையின் கடைசியில் நனைந்த தலையோடு அவள் நின்றாள். பேர் விழுந்த ஆள் தேயிலை மலையில் நின்றாக வேண்டும், தோட்டத்தில் அதற்கு மேல் சட்டம் கிடையாது. பெண்கள் நகர்ந்து அவளுக்குக் கொழுந்து பறிக்கும் நிரையில் இடம்விட்டார்கள். அவள் பறித்த கொழுந்து தராசில் நிறை காட்டியது. கொளுத்தும் வெயிலிலும் அது ஈரமாக இருந்ததைத் தவிரத் துரைக்கு வேறு முறைப்பாடு இருக்கவில்லை.

மாலை நிறுவை முடிந்ததும் அவளைக் காணவில்லை. துஷாந்துக்குக் காரணம் உடனே விளங்கியது. பெரட்டிலிருந்து நிறுவை வரைக்கும்தான் அவன் நிரல் எழுதியிருந்தான், அதற்குப் பிறகு அவள் எங்கே போவாள்? கேசினி வாசலில் உட்கார்ந்து அம்மா எங்கே என்று கேட்டுக் கேட்டு விக்கிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுவை முடிந்தால் வீட்டுக்கு வர வேண்டும் என்பதை நாலு வரியில் எழுதிச் சேமித்தான். சேர்வர் நிற்கவில்லை. பாக்கியலெட்சுமி தண்ணீர் விழும் பீலியடியில் கால் கழுவிவிட்டு, லயத்தில் தங்கள் காம்பராவுக்குள் வந்தாள்.

அந்த மாதம் முழுவதும் அவன் திருத்திக்கொண்டே இருந்தான். சோறு ஊட்டுவதை எழுதினான், பிள்ளையை மடியில் போட்டுத் தட்டுவதை எழுதினான், காலையில் பெரட்டுக்கு முன்னால் தலைசீவுவதை எழுதினான். அக்காவின் முழங்கால் வலியை எடுத்துவிட்டான். அட்டை கடித்தால் இரத்தம் வராமல் செய்தான். சேமித்த கையோடு எல்லாம் நடந்தது. தாய் தகப்பன் இல்லாத அவனைக் கொழுந்து பறித்துப் படிக்க வைத்தவள் அவள்தான். அவளுக்குச் செய்ய ஆசைப்பட்டதையெல்லாம் இப்படியாவது செய்ய முடிந்ததே என்று அவன் சந்தோசப்பட்டான். அது சந்தோசம்தான், பொய்யில்லை.

நாடு முழுக்க மின்வெட்டு வந்த வருசத்தில் தோட்டமே அந்த மடிக்கணினியைக் காப்பாற்றியது. பெரகலயில் பற்றறிக் கடை வைத்திருந்த மர்ஸூக் லொறிப் பற்றறிகளைத் தானே கொண்டுவந்து இறக்கினார். டீசல் இல்லாமல் லொறிகளெல்லாம் வீதியோரத்தில் நின்ற காலம் அது. “என்ட லொறி சும்மாதானே கெடக்குது, அந்தப் புள்ளைக்கு உம்மா இரிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணீரும் குடிக்காமல் இறங்கிப் போனார்.

ஆனால் ஒன்றை மட்டும் துஷாந்தால் திருத்த முடியவில்லை. அக்காவின் நினைவில் எப்போதும் அந்தக் காலையே இருந்தது. அவளுடைய கேசினிக்கு நாலு வயதுதான், காலையில் அவளைப் பிள்ளைக் காம்பராவில் விட வேண்டும், பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. உண்மையான கேசினியோ வளர்ந்துகொண்டிருந்தாள். பாக்கியலெட்சுமியின் கைகள் நாலு வயதுப் பிள்ளையின் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அங்கேதான் சீப்பைக் கொண்டுபோயின. முதல் வருசம் கேசினி குனிந்துகொடுத்தாள். இரண்டாம் வருசம் முட்டிபோட்டாள். அதற்கடுத்த வருசம் தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு நீ அடம்பிடித்ததால்தான் உன் அம்மாவுக்குப் பிந்தியது என்று லயத்தில் யாரோ ஒருத்தி வாய் கூசாமல் அவளிடம் சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட நாளிலிருந்து, சீப்பு சிக்கில் மாட்டி இழுத்தாலும் கேசினி சத்தம் போடுவதில்லை.

பதுளையில் துஷாந்தோடு ஒரே கம்பனியில் வேலை செய்த பார்த்தீபன், யாழ்ப்பாணத்துக்காரர், அவன் கேட்டுக்கொண்டதற்காக ஒரு ஞாயிறு வந்தார். கதவோரம் நின்று தலைசீவலை ஒருமுறை பார்த்தார். பிறகு மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பொழுது சாயும்வரை எழும்பவில்லை.

“நீர் எழுதினதை எப்பவும் மாத்தலாம், துஷாந்த்” என்றார் கடைசியில். “உள்ளுக்க ஏற்கெனவே இருக்கிறதை மாத்தேலாது. அதுக்கு நிப்பாட்டிப்போட்டுத்தான் திரும்பத் துடங்க வேணும்.”

“நிப்பாட்டினா?”

“உள்ளுக்க இருக்கிறது ஒண்டும் மிஞ்சாது.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

கேசினிக்கு எட்டு வயதாகும்போது அவள் முடி அடர்ந்து இடுப்பைத் தொட்டது. வாசற்படிக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்தால்தான் அம்மாவின் கை அவள் தலைக்கு எட்டும். ஒரு காலையில் பாக்கியலெட்சுமியின் கை முடிக்குள் போனது, அப்படியே நின்றது. அவள் குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

“நீ யாரு மக?” என்றாள் அன்பாகத்தான். “எங்க கேசினிய பாத்தியா? இம்புட்டு உசரந்தான் இருப்பா. தல சீவணும், நேரமாச்சி.”

அன்றிலிருந்து பாக்கியலெட்சுமி தேடத் தொடங்கினாள். லயத்தில் ஒவ்வொரு காம்பராவாக எட்டிப் பார்த்தாள், கோழிக்கூட்டுக்குப் பின்னால் பார்த்தாள், பீலியடியில் பார்த்தாள். பிள்ளை எங்கேயும் இல்லையென்றதும் நெஞ்சில் அடித்துக்கொண்டு மண்சரிந்த பாதைக்கு ஓடினாள். துஷாந்த் ஓடி வந்து எதையாவது எழுதிச் சேமிப்பான். அவள் திரும்பி வருவாள், கொழுந்து பறிப்பாள். மறுநாள் காலையில் மறுபடியும் தேடுவாள். சீப்பைக் கையில் எடுத்தால் கொஞ்சம் அடங்குவாள், யாருடைய பிள்ளையென்று தெரியாமலே கேசினியின் தலையை வாருவாள். இரண்டு பின்னலும் போட்டு முடிந்ததும் எழுந்து பாதைக்கு ஓடுவாள். லயத்துப் பெண்களால் அதைப் பார்க்க முடியவில்லை. அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து அழுதார்கள்.

துஷாந்த் சரியாகச் சாப்பிடுவதை விட்டான், சவரம் செய்வதை விட்டான். இன்னும் ஒரு திருத்தம், இன்னும் ஒரேயொரு திருத்தம் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கேசினி புத்தகப்பையைக்கூட இறக்காமல் அவன் முன்னால் வந்து நின்றாள்.

“நிப்பாட்டிருங்க மாமா.”

“என்னா பேசுற நீ? அது ஒங்கம்மா.”

“அம்மாதான். நா முன்னுக்கு இருக்கிறப்பவே என்னய தேடுது. தேடித் தேடி களைச்சிப் போவுது மாமா. இன்னும் எத்தன வாட்டி அந்தப் பாதைக்கு ஓடும்?”

துஷாந்த் வாய்விட்டு அழுதான். எட்டு வயதுப் பிள்ளை மாமாவின் தலையைப் பிடித்துத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டது.

யார் நிறுத்துவது என்று வந்தபோது துஷாந்தின் கை எழவில்லை. அழகையா கங்காணி வேட்டியை மாற்றிக்கொண்டு, திருநீறு பூசி வந்தார். “பேரப் போட்டது நானு. போட்டவந்தான் எடுக்கணும்” என்றார். எந்த விசையை அழுத்த வேண்டும் என்று துஷாந்த் காட்டினான். அவர் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, சன்னல் வழியாக வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். தலைசீவி முடியட்டும், பிறகு பிள்ளை கை காட்டும், அப்போது அழுத்தலாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

கேசினி பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு படிக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்தாள். பாக்கியலெட்சுமி எண்ணெய் வைத்தாள், வகிடு எடுத்தாள், முடியை இரண்டாகப் பிரித்தாள். இடப்பக்கத்தை இறுக்கிப் பின்னி, நுனியில் கறுப்பு ரிப்பன் கட்டினாள். “நேரமாச்சி, கங்காணி அண்ணே பேரப் போட்டிருக்கும்” என்று முணுமுணுத்துக்கொண்டே வலப்பக்க முடியைக் கையில் எடுத்தாள். அந்தப் பின்னலும் முடிந்தால் அம்மா எழுந்து பாதைக்கு ஓடுவாள் என்பது கேசினிக்குத் தெரியும். அவள் அழவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. முதல் பின்னலோடேயே கையைத் தூக்கிக் காட்டினாள். அழகையா ஒரு கணம் தடுமாறினார், பிறகு அழுத்தினார். சீப்பு படியில் விழுந்த சத்தம் லயம் முழுக்கக் கேட்டது.

சேர்வர் மறுபடி தொடங்கியபோது ஒருவருடைய பேரும் அதில் இல்லை. அழகையா களத்துக்குப் போய் முதலிலிருந்து கூப்பிட்டார். பாக்கியலெட்சுமி என்று ஒரு தடவை கூப்பிட்டுக் காத்திருந்துவிட்டு, அடுத்த பேருக்குப் போனார். அதற்குப் பிறகு ஆளைக் கண்ணால் காணாமல் அவர் யாருக்கும் பேர் போட்டதில்லை. பிந்தி வருகிறவர்களுக்காகக் களத்தில் குடையோடு காத்து நிற்பார். அந்தக் கிழமையே தப்படித்துக் கருமாதி செய்தார்கள். மர்ஸூக் வந்து பற்றறிகளை ஏற்றிக்கொண்டு போனார். கொழும்பிலிருந்து முறையான சேர்வரும் ஒருவழியாக வந்து சேர்ந்தது. துஷாந்த் இப்போது விழுகிற பேரையெல்லாம் அந்தக் கணமே பதிந்து வைக்கிறான்.

கேசினி அன்றைக்கு ஒரு பின்னலோடுதான் பள்ளிக்கூடம் போனாள். இரண்டு பின்னல் இல்லாமல் வரக்கூடாது என்று சத்தியபாமா டீச்சர் கண்டித்து, இடப்பக்கத்தை அவிழ்த்துப் புதிதாகப் போடப் பார்த்தார். ரிப்பன் அவிழ்ந்தது, பின்னல் அவிழவில்லை. முழுகினாலும் அவிழவில்லை. முடி வளர வளரப் பின்னலும் அதுவாக நீண்டுகொண்டு போகிறது, மேலே எண்ணெய் காயாமல் இருக்கிறது. டீச்சரும் பிறகு அதைக் கேட்பதை விட்டுவிட்டார். காலையில் கேசினி கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று வலப்பக்கத்தை மட்டும் தானே பின்னிக்கொள்கிறாள். இரண்டும் ஒரே நீளத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள்.