மேனேஜருக்கு ஒரு தரை

வீடு மாறியதில் உடைந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். கண்ணாடித் தொட்டியின் அடியில் போட்டிருந்த டைல். வண்டியின் குலுக்கலில் அது இரண்டாகப் பிளந்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள், தொட்டியைப் புது வீட்டின் ஜன்னலோரம் இறக்கிய பிறகுதான் அதைக் கவனித்தாள். நல்லவேளை, அதில் வளரும் பல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் வைத்து, மடியிலேயே கொண்டுவந்திருந்தாள்.

லெப்பர்ட் கெக்கோ என்ற வெளிநாட்டுப் பல்லி இனம் அது. மஞ்சள் உடம்பில் சிறுத்தைக்கு இருப்பதுபோலப் புள்ளிகள். மற்ற பல்லிகளைப் போலச் சுவரேறத் தெரியாது. அவள் பள்ளியில் படித்தபோது அண்ணன் வாங்கிவந்தது.

"சுவத்துல இருக்கறத விரட்டவே எனக்கு நேரம் பத்தல. இதுல விலைக்கு வேற ஒண்ணா?" என்றாள் அம்மா.

பேருந்து ஓட்டுநரான அப்பாதான் பெயர் வைத்தார். "சூடான இடமாப் பாத்து உக்காந்துகிட்டு, ஒரு வேலையும் செய்யாம எல்லாரையும் முறைக்கிறார். எங்க டிப்போ மேனேஜரேதான்."

மேனேஜருக்கு மணல் போட்டதும் அப்பாதான். பாலைவனப் பக்கத்துப் பிராணி, மணல் இருந்தால் சொந்த ஊர் மாதிரி இருக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா மாவுச் சல்லடையில் மணலைச் சலிப்பார். அம்மா சல்லடையைத் தேடிக்கொண்டு வருவாள். வீடே சிரிக்கும்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மேனேஜர் சாப்பாட்டை நிறுத்தியது. தடித்த வால் மெலிந்தது, வயிறு உப்பியது. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வயிற்றில் வெள்ளையாக ஒரு கட்டி.

"பூச்சியப் பாஞ்சு பிடிக்கும்போது மணலும் கூடவே உள்ள போயிருக்கு. குடலை அடைச்சிருக்கு. வெதுவெதுப்பான தண்ணியில தினமும் கொஞ்ச நேரம் உக்கார வைங்க. மருந்தும் குடுங்க. பாக்கலாம்."

வேலைக்குக் கிளம்பும் முன் அப்பா காக்கிச் சட்டையோடு சமையலறையில் உட்கார்ந்து, சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். கட்டைவிரல் நுனியால் வயிற்றை மெல்லத் தடவுவார். அத்தனை பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பும் கை அவ்வளவு மெதுவாக அசையும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மணல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியது. மேனேஜர் பிழைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்செல்லாம் தரையைப் பற்றித்தான். மரத்தூள் போட அண்ணன் கிளம்பினான். அதையும் விழுங்கிவிடும் என்று மருத்துவர் தடுத்தார். பழைய துண்டை விரித்தார்கள், அதன் நூலில் நகம் மாட்டிக்கொண்டது. செய்தித்தாள் விரித்தபோது, அப்பா தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் ஒரு சொரசொரப்பான டைலை வெட்டி, கூரான ஓரங்களைத் தேய்த்துக் கொண்டுவந்தார். ஈரத்துணியால் துடைத்தால் போதும், தொட்டிக்கு அடியில் வைத்த ஹீட்டரின் சூடும் அதில் நன்றாக ஏறும். மேனேஜர் அதில் வயிற்றை ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடியது. "கையெழுத்துப் போட்டாச்சு," என்றார் அப்பா.

அப்பா போய்விட்டார். அம்மா வேறு ஊரில் அண்ணனோடு இருக்கிறாள். மேனேஜருக்கு வயதாகிவிட்டது, குறி பார்த்துப் பாய்வதில்லை, புழுவை இடுக்கியால் நீட்டினால் வாங்கிக்கொள்கிறது.

அவள் உடைந்த டைலைப் பசை போட்டு ஒட்டிப் பார்த்தாள். விரிசலின் விளிம்பு விரலைக் கீறியது. அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அப்பா வெட்டின டைல் உடைஞ்சிருச்சுண்ணா."

அவன் உடனே கேட்டான், "மேனேஜர்?"

"நல்லாருக்காரு. ஒட்டி வச்சிருக்கேன். ஆனா ஓரம் கூரா இருக்கு."

"அப்ப வேணாம். வயசான வயிறு, கீறிடும். அப்பா இருந்தா முதல் வேலையா அதத் தூக்கிப் போட்டிருப்பாரு."

அவளுக்கும் அது தெரியும். யாராவது சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் வேலை முடிந்து டைல்ஸ் கடைக்குப் போனாள். பளபளப்பானவை வேண்டாம், வழுக்கும். "பாத்ரூமுக்காம்மா?" என்று கேட்ட விற்பனைப் பெண்ணிடம், "பல்லிக்கு," என்றாள். அந்தப் பெண் முகம் மாறாமல், மண் நிறத்தில் ஒரு மாதிரித் துண்டை எடுத்து, "இது வழுக்காது," என்று நீட்டினாள்.

மேனேஜர் புது டைலை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு சூடான மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. அண்ணன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இளைச்சுப் போயிருக்கே. புழு ஒழுங்காப் போடுறியாடி?" என்றாள்.