ஆழம் போகாத பெயர்

கட்சிக்காரர் வேனிலிருந்து இறக்கிய கல்லைப் பார்த்ததும் கல்வெட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாடா ராசா, மறுபடியும் வந்துட்டியா?" என்று தட்டிக்கொடுத்தார். அவர் கையால் செதுக்கிய கல்தான். ஆற்றுப் பாலத்துக்கான அடிக்கல். ஆட்சி மாறும்போதெல்லாம் பட்டறைக்குத் திரும்பி வரும். பழைய அமைச்சர் பெயர் போகும், புதியவர் பெயர் ஏறும், விழா நடக்கும், கைதட்டுவார்கள். பாலம் மட்டும் வராது. ஒருவர் எழுப்பிய தூண்களை அடுத்தவர் 'அவன் போட்ட திட்டம்' என்று தொடவே மாட்டார். அவை ஆற்றுக்குள் மொட்டையாக நிற்கின்றன. என்ன நிர்வாகமோ, போங்கள்!

"அண்ணே, சாயங்காலத்துக்குள்ள எங்காளு பேரு ஏறணும். எழுத்து பெருசா இருக்கட்டும்."

"ஜமாய்ச்சிடலாம்!" என்று கல் தேய்க்கும் மெஷினைப் போட்டார் கல்வெட்டுக்காரர். பழைய பெயர் தூசியாகப் பறந்தது.

அந்த நேரத்தில் மகள் வந்து நின்றாள். அக்கரைத் தையல் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்ப்பவள். வேலை நேரத்தில் வீடு திரும்புகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"கம்பெனியை மூடிட்டாங்கப்பா. பாலம் வரும்னு நம்பித்தான் அங்க கட்டினாங்களாம். லாரி ஊரைச் சுத்தி துறைமுகம் போறதுக்குள்ள கப்பல் கிளம்பிடுது. மெஷினையெல்லாம் வேற நாட்டுக்கு அனுப்புறாங்க."

அவர் மெஷினை நிறுத்தினார். மருமகன் பிழைப்புத் தேடி வெளிநாடு போனபோது இவளையும் கூப்பிட்டான். "பாலம் வந்துடும், அக்கரை பூரா கம்பெனியா நிறையும், அவனையே திரும்பி வரச் சொல்லு" என்று தடுத்தவர் இவர்தான்.

மகள் கல்லைத் தடவினாள். 'பாலம்' என்ற எழுத்து ஆழமாக இருந்தது. பெயர் இருந்த இடத்தில் சுவடே இல்லை.

"பேரு மட்டும் எப்படிப்பா இவ்வளவு சீக்கிரம் அழியுது?"

கட்சிக்காரர் முந்திக்கொண்டார். "அது உங்கப்பா கைவேலைம்மா! பேரை மட்டும் மேலாப்ல வெட்டுவாரு. அடுத்த ஆட்சியில தேய்க்கச் சுலபம் பாரு. பலே ஆளு!"

"அப்போ பாலம் வராதுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னை இருக்கச் சொன்னியாப்பா?"

"உன்னை விட்டுட்டு நான் எப்படிம்மா..."

மகளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஆட்சி மாறட்டும்பா, அது ஜனங்க இஷ்டம். ஆரம்பிச்ச வேலை ஏன் நிக்கணும்? வர்றவங்கள்லாம் பேரு போடத்தான் ஆட்சின்னா நாட்டுல தொழில் எப்படித் தங்கும்? உழைக்கிறவங்கதான் மூட்டை கட்டணும். நானும் கட்டுறேன்." உள்ளே போய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினாள்.

கல்வெட்டுக்காரர் உளியைக் கீழே வைத்தார். "வேற ஆளைப் பாருங்க."

"என்னண்ணே கோவம்? பாலம் வந்துட்டா உங்களுக்கு ஏது வேலை?" என்று சிரித்தார் கட்சிக்காரர். வழக்கமான கிண்டல்தான். எப்போதும் முதலில் சிரிப்பவர் கல்வெட்டுக்காரர்.

இன்று கல்லை அவர் பக்கமே தள்ளினார். "ஆட்சி மாறினா எனக்கு வேலை வரும்னு நானும் சேர்ந்து கைதட்டினேன்யா. என் பொண்ணு வேலைக்கு நானே வேட்டு வச்சிருக்கேன். ஏன் பாதியில விட்டீங்கன்னு ஒருத்தரைக்கூட நான் கேட்டதில்லை. கேக்காத ஊருக்குக் கல்லுதான் வரும், பாலம் வராது. எடுத்துக்கிட்டுப் போங்க. தெருக்கோடியில இன்னொரு பட்டறை இருக்கு. அவனும் மேலாப்லதான் வெட்டுவான்."