வாழிடம் என்று எழுதிய பலகை

1.
ஒரு சஞ்சிகைக்காரர் சலமந்தர் பற்றிக் கதை கேட்டார்; பார்க்கப் பல்லி மாதிரி, உறவுமுறையில் தவளைக்குச் சொந்தம். குளிரும் ஈரமும் மலைச்சரிவும் சேர்ந்துதான் அந்தப் பிராணி எங்கே குடியிருக்கலாம் என்று தீர்மானிக்குமாம். நம் இலங்கையில் சலமந்தர் ஏது? ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஒரு தவளையைப் பிடித்துக்கொண்டேன்.

2.
'பனிமூட்டம் மலையைத் தழுவிய அந்தக் காலைப்—'

(அடித்துவிட்டேன். தழுவுகிறதாம், தழுவல்! அந்தப் பனியில் நின்று கொழுந்து பறிக்கும் லோஜினி இதைப் படித்தால் காறித் துப்புவாள்.)

3.
நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். (பெயர் கேட்காதீர்கள், தோட்டத் துரைமார் வழக்குப் போடுவார்கள்.) போன மழையில் தொழிலாளர் லயத்தில் லோஜினியின் ஒற்றை அறைக் காம்பிராவில் பின்சுவர் பிளந்தது. மண் சரியும், இடத்தைக் காலி செய்யுங்கள் என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். எங்கே போவது என்று மட்டும் சொல்லவில்லை. வீடு கட்ட ஒரு துண்டுக் காணி கேட்டுக் கேட்டு அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அப்போதுதான் காட்டோரம், கைவிட்ட தேயிலை மலையில் அந்தப் பலகை முளைத்தது: 'பாதுகாக்கப்பட்ட வாழிடம்.' வாழ்கிற இடம் என்றால் வேறென்ன? காணி கிடைத்துவிட்டதென்று மூன்று கல் கூட்டி, பலகைக்கு முன்னால் பால் பொங்க வைத்தாள். புருஷன் கிஷாந்த் கற்பூரம் கொளுத்தினான்.

4.
புகையைக் கண்டு ஓடிவந்தவர் பலகையை நட்ட ஜெயதீபன், யாழ்ப்பாணத்து ஆராய்ச்சியாளர். (இவரை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை, நல்லவராகவே நிற்கிறார்.)

“அக்கா, இது தவளையின்ர வாழிடம். இந்தக் குளிர், பனி, சரிவு எல்லாம் சேர்ந்தால்தான் அது தப்பும். கீழ கொண்டுபோனால் சூட்டில செத்துப்போயிடும்.”

“அப்ப இது எங்களுக்கு இல்லீங்களா?”

“இல்லையக்கா.”

லோஜினி அடுப்பை அணைத்தாள்.

“எங்க வீட்டுக்குள்ளயும் இதே குளிரு, இதே ஈரந்தாங்க. சொவருல தண்ணி ஊறுது. அங்கயும் ஒரு பலகை நட்டுட்டுப் போங்களேன்.”

அவருக்கு ஒரு பதில் எழுதிக்கொடுக்கப் பார்த்தேன், மூன்று முறை அடித்துவிட்டேன்.

5.
முடிவு (அ): லோஜினிக்குக் காணி கிடைத்தது. எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது.

முடிவு (ஆ): அன்று விடியற்காலை மலை சரிந்து, லயத்தின் மேல்—

மாட்டேன். அதை எழுதினால் எனக்குப் பரிசு கொடுப்பார்கள்.

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், வாசகரே. ஆற அமர யோசிக்க மட்டும் வேண்டாம். நீங்கள் முடிக்கும்வரை அவள் அந்தக் காம்பிராவில்தான் படுக்கிறாள், மலையில் மழை பிடித்துவிட்டது.