முத்துப்பேச்சி சொல்லாமல் வைத்திருந்தது

முத்துப்பேச்சி ஆளாகி நாலு மாதம் கழித்துத்தான் அது ஊருக்குத் தெரிந்தது. அதுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவள் அவளேதான். அவளுக்கு அப்போது பதிமூன்று வயது.

அவள் அப்பா ராக்கையாவுக்கு உத்தமபாளையத்துக்குத் தெற்கே கொஞ்சம் நெல்வயலும் மேட்டில் ஒரு சோளக்காடும் இருந்தன. மலைமேல் அணை வேலை ஆரம்பித்ததிலிருந்து அவர் வண்டி கட்டிக்கொண்டு கூடலூர்ப் பக்கம் சாமான் ஏற்றப் போனார். போனால் திரும்ப இருபது நாளாகும். வீட்டில் முத்துப்பேச்சியும் அவள் அம்மா பஞ்சம்மாளும் மட்டும்தான்.

முன்பு மூத்தவள் மொக்கம்மாளும் இருந்தாள். அவள் பதிமூன்றில் ஆளானாள். தொண்ணூறாம் நாள் அவளை ராக்கையாவின் அக்காள் சுப்புத்தாயின் மகன் கர்ணனுக்குக் கட்டிக்கொடுத்து, கெங்குவார்பட்டிக்கு அனுப்பினார்கள். மறு வருஷம் தலைப்பிரசவத்தில் இரண்டு நாள் வலியில் கிடந்து செத்துப்போனாள். பிள்ளையும் தங்கவில்லை. சேதி வந்து, வண்டி கட்டிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கருமாதி அன்று சுப்புத்தாய் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னவள் ஆளானதும் அவளையும் கர்ணனுக்கே தர வேண்டும் என்று கேட்டாள். ராக்கையா தலையாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சி அதைப் பார்த்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

அதற்குப் பிறகு வீட்டில் மொக்கம்மாள் பேரை யாரும் எடுப்பதில்லை. முத்துப்பேச்சி ஏதாவது கேட்டால் பஞ்சம்மாள் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவாள். அக்கா எப்படிச் செத்தாள் என்பதை வாய்க்காலில் துணி துவைக்கிற பெண்கள் பேசியதிலிருந்துதான் அவள் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டாள். தெரியாத இடங்களை அவளே நினைத்து நிரப்பிக்கொண்டாள். அந்த நினைப்பு, நடந்ததைவிட மோசமாக இருந்தது.

தை மாதம் மொச்சை பறித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு முதல் தூரம் வந்தது. என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்தது. பழந்துணியைக் கிழித்து வைத்துக்கொண்டாள். மீதி வரிசையையும் பறித்து முடித்துவிட்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டாள்.

தூரமான பெண் தொழுவத்துக்குள் போகக் கூடாது, விளக்கேற்றக் கூடாது, விதைப்பானையைத் தொடக் கூடாது. ஒதுங்கி இருந்தால் தெரிந்துவிடும் என்பதால் முத்துப்பேச்சி எல்லாவற்றையும் தொட்டாள். தொட்டபிறகு யாரும் பார்க்காதபோது கையைக் கழுவிக்கொண்டாள். மார்பை ஒரு துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கொஞ்சம் குனிந்தே நடக்க ஆரம்பித்தாள். பங்குனியில் தொழுவத்துக் கன்றுக்குட்டி செத்தது. அதற்கு முந்தின நாள், தூரமாக இருந்தபோது, அதை அவிழ்த்துவிட்டது அவள்தான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். கேட்டதற்குப் பதில் வராது. ஒருநாள் வாய்க்கால் கரையில் மயங்கி விழுந்து, யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த சுப்புத்தாய் தம்பி வீட்டிலேயே தங்கினாள். முத்துப்பேச்சியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படி வற்றிக் கிடந்தால் எப்போது ஆளாவது என்று கேட்டாள். கூடலூரிலிருந்து திரும்பிய ராக்கையாவும் மகளைப் பார்த்துப் பயந்துபோனார். பிள்ளையை ஏதோ பிடித்திருக்கிறது, கோடாங்கியைக் கூப்பிடலாம் என்று சுப்புத்தாய் சொன்னாள். பஞ்சம்மாள், அதெல்லாம் வேண்டாம், தானாகச் சரியாகிவிடும் என்றாள். ஏன் வேண்டாம் என்று ராக்கையா கேட்டபோது அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் செல்லப்பாண்டி என்கிற கோடாங்கி வந்தான். முற்றத்தில் முத்துப்பேச்சியை உட்காரவைத்து, உடுக்கை அடித்துக் குறி சொன்னான். செத்துப்போன மூத்தவள்தான் வந்து இறங்கியிருக்கிறாள், தன் புருஷனைத் தங்கச்சிக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை என்றான். சுப்புத்தாய் முன்னால் வந்து, மொக்கம்மாளிடமே பேசுவதுபோல, உயிரோடு இருந்தபோதும் எங்களை வாழவிடவில்லை, செத்தும் விடமாட்டாயா என்று ஏச ஆரம்பித்தாள். கோடாங்கி வேப்பங்குழையை ஓங்கினான்.

முத்துப்பேச்சி தலையை நிமிர்த்தினாள்.

"எங்கக்கா ஒண்ணும் பிடிக்கல. அவளை வையாதீக. நான் பெரிய மனுசியாகி நாலு மாசமாச்சு. சொன்னா கெங்குவார்பட்டிக்கு அனுப்பிருவீகன்னு சொல்லல. கன்னுக்குட்டி செத்ததும் என்னாலதான்."

உடுக்கை நின்றது. கோடாங்கி குழையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றான். சுப்புத்தாய், வீடெல்லாம் தீட்டாகிவிட்டதே, விளக்கும் விதையும் போனதே என்று ஆரம்பித்தாள். வயதுவந்த பிள்ளையைக் கவனிக்காத தாய் என்ன தாய் என்று பஞ்சம்மாள் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும் மதினி," என்றாள் பஞ்சம்மாள். "ரெண்டாம் மாசமே தெரியும். சோளத்தட்டைப் படப்புக்குப் பின்னால துணி காஞ்சதைப் பாத்தேன். நானும் சொல்லல."

முத்துப்பேச்சி அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை நாளும் தான் ஒருத்தியே தூக்கிக்கொண்டு திரிந்ததை அம்மா பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

விஷயம் வெளியே வந்தபிறகு சடங்கைத் தள்ளிப்போட முடியாது. ராக்கையா, உன் தம்பிக்கு ஆள் அனுப்பு, குச்சு கட்டட்டும் என்று பெண்டாட்டியிடம் சொன்னார். தொண்ணூறு நாளில் அனுப்புவதற்காகக் குச்சு கட்டுவதானால் கட்டவே வேண்டாம் என்றாள் பஞ்சம்மாள். கருமாதி வீட்டில் கொடுத்த வாக்கை எப்படி மாற்றுவது என்று அவர் கேட்டார்.

"மூத்தவளை அனுப்புறப்ப எனக்கு மனசில்ல. ஆனா வாயைத் திறக்கல. இந்தத் தடவை அப்பிடி இருக்க மாட்டேன்."

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. ராக்கையா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்.

தாய்மாமன் வந்து வீட்டுக்குப் பக்கத்தில் பச்சை ஓலையில் குச்சு கட்டினார். குச்சுக்குள் பதினாறு நாள் முத்துப்பேச்சி இருந்தாள். முதல் இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்த பஞ்சம்மாளிடம், "தெரிஞ்சும் ஏன் ஆத்தா எங்கிட்டக் கேக்கல?" என்றாள்.

கேட்டிருந்தால் நீ ஆமாம் என்று சொல்லியிருப்பாய், அதற்குப் பிறகு உன் அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது, கேட்காதவரை நாள் தள்ளும் என்று நினைத்தேன் என்றாள் பஞ்சம்மாள். நீ சாப்பிடாமல் கிடந்தது கன்றுக்குட்டிக்காக என்று தெரியாது என்றாள். கழிச்சல் கண்டு அந்த வாரம் அந்தத் தெருவிலேயே மூன்று கன்று செத்ததையும் சொன்னாள். முத்துப்பேச்சி அன்று களியில் பாதி சாப்பிட்டாள். அப்புறம் அக்காவைப் பற்றிக் கேட்டாள். பஞ்சம்மாள் இந்த முறை எழுந்து போகவில்லை. தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள். அடுத்து வந்த நாட்களிலும் இருவரும் அதைத்தான் பேசினார்கள்.

அப்பா மகள் முகத்தைப் பார்க்கக் கூடாத நாட்கள் அவை. ஒன்பதாம் நாள் மத்தியானம் ராக்கையா குச்சுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏத்தா, கர்ணனைக் கட்டிக்கிட ஒனக்குப் பிரியமில்லையா?"

"மச்சான் மேல ஒண்ணுமில்லைய்யா. எனக்குச் சாகப் பயமா இருக்கு."

அவர் செருமிக்கொண்டு போய்விட்டார்.

சடங்கு முடிந்த மறுநாள் வண்டி கட்டிக்கொண்டு கெங்குவார்பட்டிக்குப் போனார். சின்னவளை நாலைந்து வருஷத்துக்கு யாருக்கும் கட்டிக்கொடுப்பதாக இல்லை, கர்ணனுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்காளிடம் சொன்னார். இனி என் வாசலை மிதிக்காதே என்றாள் சுப்புத்தாய். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

கர்ணன் மட்டும் ஊர் எல்லைவரை வண்டியோடு நடந்து வந்தான். மொக்கம்மாள் வலியில் கிடந்த இரண்டு நாளும் வாசலில் உட்கார்ந்து அவள் கத்தியதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன். இருபத்திரண்டு வயதுக்கு மிகவும் மெலிந்திருந்தான். எல்லை வந்ததும், "அந்தப் பிள்ளையைக் கட்டியிருந்தா, அவ முகத்துல எனக்கு மூத்தவதான் தெரிவா மாமா. நீங்க சொன்னது நல்லதுதான்" என்றான். ராக்கையா அவன் தோளைத் தொட்டுவிட்டு மாட்டை ஓட்டினார்.

மறு வருஷம் கர்ணனுக்குத் தேவதானப்பட்டியில் கல்யாணம் நடந்தது. தம்பி வீட்டுக்குச் சொல்லியனுப்பவில்லை. சுப்புத்தாயோடு ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதில் ராக்கையாவுக்கு மனக்குறைதான். ஆனால் அதை மகள் காதில் விழும்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

முத்துப்பேச்சி ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆடி வரைக்கும் தொழுவத்துக்குள் போகத் தயங்கினாள். பஞ்சம்மாள் அவளைக் கட்டாயப்படுத்தாமல், தான் பால் கறக்கும்போது வாசலில் நிற்கச் சொன்னாள். மார்பில் கட்டியிருந்த துணியை எப்போது அவிழ்த்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. ஐப்பசியில் பழைய ரவிக்கைகள் போதாமல் புதிதாக இரண்டு தைக்க வேண்டியிருந்தது. நாத்து நடவுக்குப் போன இடத்தில் அவள் சிரிக்கிற சத்தம் வரப்புவரை கேட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண் பஞ்சம்மாளிடம் வந்து சொன்னாள்.