ஒரு வரி விட்டுப் போச்சு

“எட்டு மாசம்! எட்டு மாசம் தொண்டைத் தண்ணி வத்த உனக்கு டிக்டேஷன் சொன்னேன்டி! எதுக்கு? என் நாற்காலியையே நீ இழுத்துப் போட்டுக்கிறதுக்கா?”

“அது உங்க வீட்டு நாற்காலியாக்கா? கவர்மென்ட் நாற்காலி. பின்னாடி நம்பர் அடிச்சிருக்கு, போய்ப் பாருங்க.”

“வாய மூடு!”

“மூடிட்டேன். நீங்கதான் எட்டு வீட்டுக்குக் கேக்கிற மாதிரி கத்திட்டிருக்கீங்க.”

எட்டு வீடு என்பது மிகை. எங்கள் மூன்றாவது மாடியில் மொத்தமே மூன்று கதவுகள்தான். ஒன்று பெரிய கோர்ட்டுடையது, எதிரே சின்னக் கோர்ட்டுடையது, நடுவில் என்னுடையது. நான் அந்நேரம் செருப்பு அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் எங்கள் செருப்பு அலமாரி அளவுக்குச் சுத்தமான மரச்சாமான் இந்தத் தெருவிலேயே கிடையாது.

பெரிய கோர்ட்டு, சின்னக் கோர்ட்டு என்பதெல்லாம் நாங்கள் வைத்த பெயர்கள். இருவரும் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு எதிரெதிர் வாசலில் குடித்தனம். இருவருக்கும் ஒரே நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து வேலை. சாட்சியும் வக்கீலும் நீதிபதியும் பேசப்பேச, கோடும் வளைவுமாக நோட்டில் குறித்து, பிறகு தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். பெரியவள் பத்தொன்பது வருடமாக முதல் அறையில், மூத்த நீதிபதியின் மேடைக்கு அடியில். சின்னவள் ஆறு வருடமாக நான்காவது அறையில், வாடகைத் தகராறுகளுக்கு நடுவில்.

அதற்கு முந்தின வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. சான்றிதழ்த் தேர்வில் தேறும் சுருக்கெழுத்தர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பத்து சதவீதம் கூடுதல். தேறினால் தேர்வுக் கட்டணமும் திரும்பி வரும். தவறினால் அது அவரவர் பாடு. பெரியவள் சிரித்தாள். “பத்தொன்பது வருஷம் எழுதினவளுக்கு எவன்டி சர்டிஃபிகேட் குடுக்கிறது? நீ சின்னப் பொண்ணு, நீ எழுது. நான் டிக்டேஷன் சொல்றேன்” என்றாள். சொன்னாள். தினம் சாயங்காலம் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தலையங்கம் படிப்பாள். சுவர் வழியாகவே எனக்குச் செய்தி வந்துவிட்டதால் பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

சின்னவள் தேறினாள். அந்த நீதிமன்றத்திலேயே சான்றிதழ் வாங்கிய முதல் ஆள். பத்து சதவீதம் ஏறியது. பெரியவள் ஒரு டப்பா இனிப்பு வாங்கிவந்து எனக்கும் இரண்டு கொடுத்தாள். அதுவரை எல்லாம் சரி.

பிறகு இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. ஆறு மாதம் கழித்து, முதல் அறையில் சான்றிதழ் உள்ளவர் மட்டுமே உட்காரலாம். அது காலையில் பலகையில் ஒட்டப்பட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே சின்னவளின் விண்ணப்பம் மேலே போய்விட்டது. சாயங்காலம்தான் மேற்சொன்ன சண்டை.

“ஒரு வார்த்தை... என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? ‘வேணாம்டி’ன்னுதானே? அதான் கேக்கல.”

பெரியவளின் கணவர் வெளியே வந்தார். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவர் எங்களுக்குக் கண்ணாடிக்காரர். “உள்ள வந்து பேசுங்களேன்மா” என்று கெஞ்சினார். தம்பி, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், சண்டை தொடங்கிய இரண்டாவது நிமிடமே படியிறங்கிப் போயிருந்தார். எந்த இடத்தில் பிரேக் போட வேண்டும் என்று தெரிந்தவர்.

“நானும் எழுதறேன்” என்றாள் பெரியவள். “ரெண்டு மாசத்துல அடுத்த பரீட்சை. அந்த நாற்காலில எவ உக்காருறான்னு பாத்துடறேன்.”

“தாராளமா எழுதுங்க. டிக்டேஷனுக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க, நான் சும்மாதான் இருக்கேன்.”

“உன் வாயால ஒரு எழுத்து என் நோட்டுல ஏறாது, போடி!”

இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் சாத்தப்பட்டன. என் வீட்டுக் காலண்டர் ஆணியோடு கீழே விழுந்தது.

மறுநாளிலிருந்து கண்ணாடிக்காரர் டிக்டேஷன் சொன்னார். பாவம், அவர் வாழ்நாளெல்லாம் பலகையில் இருக்கும் எழுத்தை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிப் பழகியவர். “நீதி... மன்றம்... என்பது...” என்று அவர் இழுக்க, ஒரு வாக்கியம் முடிவதற்குள் பெரியவள் பென்சில் சீவி முடித்துவிடுவாள். மூன்றாம் நாள் என் கதவைத் தட்டினாள்.

“நிமிஷத்துக்கு நூத்தியிருபது வார்த்தை படிக்கணும். முடியுமா?”

“அவ்வளவு மெதுவாவா?” என்றேன்.

இரண்டு மாதம் நான் படித்தேன். அவள் கை காகிதத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டேயிருக்கலாம். திருப்பிப் படிக்கச் சொன்னால், நான் படித்ததைவிட அழகாக இருக்கும். எல்லாம் என் வாயின் சிறப்பு என்றே எடுத்துக்கொண்டேன். நடுநடுவே சின்னவளைப் பற்றி இரண்டு வார்த்தை பிடுங்கவும் முடிந்தது. “அந்தப் பத்து சதவீதத்துல புது சோபா வாங்கியிருக்கா, பாத்தீங்களா?” என்பாள். பார்த்திருந்தேன். ஊதா நிறம்.

தேர்வெழுதிவிட்டு வந்தவள் படியிலேயே சொன்னாள்: “கை எங்கயும் நிக்கல. ஒரு இடம் விடல.”

ஐந்து வாரத்தில் முடிவு வந்தது. தவறிவிட்டாள்.

விடைத்தாளின் நகல் கேட்டு வாங்கினாள். அது வந்த வாரம் என் கண்ணாடியின் காது மூன்று முறை தளர்ந்தது. மூன்றாவது முறை போனபோது கண்ணாடிக்காரர் கல்லாப்பெட்டியின் மேல் தாளை விரித்தே வைத்திருந்தார். தேர்வில் ஒலித்த சாட்சியின் பேச்சு ஒரு பக்கம்: “நான் வந்து, அன்னைக்கு, இல்ல, அதுக்கு முந்தின நாள், கடைக்குப் போனேன், போகல, போகலாம்னு கெளம்பினேன்.” பெரியவள் எழுதியது மறுபக்கம்: “அதற்கு முந்தைய நாள் நான் கடைக்குச் செல்லக் கிளம்பினேன்.” விட்ட ஒவ்வொரு வார்த்தையும் ஒரு பிழை. மாற்றிய ஒவ்வொரு வார்த்தையும் ஒரு பிழை. தாள் முழுக்கச் சிவப்பு மை. கீழே ஒரு குறிப்பு: ‘வேகம் போதுமானது. சுருக்கெழுத்தர் தாமாகத் திருத்துகிறார்.’

“அவளுக்கே தெரியல” என்றார் கண்ணாடிக்காரர். “நான் காட்டினதும், ‘இதுல என்ன தப்பு, நல்லாத்தானே இருக்கு’ங்கிறா.”

காரணம் அந்த மூத்த நீதிபதி. எந்த வாக்கியத்தையும் முடிக்காத மனிதர். “அதாவது, இந்த, என்னது, அந்த நிலம்...” என்பார், பெரியவள் அதை முழு வாக்கியமாக்கித் தட்டச்சு செய்து நீட்டுவாள். “அம்மா எழுதினாத்தான் நான் பேசினதே எனக்குப் புரியுது” என்று அவர் பாராட்டாத மாதம் கிடையாது. நீதிபதிக்குச் செய்த உபசாரம் மெல்லச் சாட்சிகளுக்கும் பரவி, கடைசியில் கைக்கே பழக்கமாகிவிட்டது.

தவறியதோடு போயிருந்தால் நாற்காலி மட்டும்தான் போயிருக்கும். அடுத்த வாரம், நில வழக்கில் தோற்றுப்போன ஒரு கட்சியின் வக்கீல் மனு போட்டார்: முதல் அறையின் சுருக்கெழுத்தர் சாட்சிகளின் வாக்குமூலத்தை மாற்றி எழுதும் பழக்கம் உள்ளவர், ஆகவே பழைய பதிவுகள் செல்லாது. விசாரணைக்கு உத்தரவாயிற்று. பெரியவளை முதல் அறையிலிருந்து பதிவேட்டு அறைக்கு மாற்றி, பழைய வழக்குக் கட்டுகளுக்கு எண் போடச் சொன்னார்கள். வேலை போகுமா, ஓய்வூதியம் நிற்குமா என்று யாருக்கும் தெரியவில்லை.

வக்கீலுக்கு விஷயம் எப்படிப் போனது? கேன்டீனில் போனது.

“ஃபெயில்னு சொல்லு!” பெரியவள் எதிர்க்கதவைக் கையால் அறைந்தாள். “ஊர் பூரா சொல்லு, ஒலிபெருக்கி வெச்சு சொல்லு! பொய் எழுதினவள்னு எப்படிடி சொன்ன?”

சின்னவள் கதவைத் திறந்து, சாவகாசமாகச் சாய்ந்து நின்றாள். “பொய்னு நான் சொல்லல. ‘அக்கா திருத்தி எழுதுவாங்க’ன்னு சொன்னேன். அவர் கேட்டார், சொன்னேன்.”

“அவன் எந்தக் கட்சி வக்கீல்னு தெரியாதா உனக்கு?”

“நான் என்னக்கா பண்றது? நடந்ததை நடந்தபடி சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அழகுபடுத்த வராது.”

பெரியவள் முகம் சிவந்து வெளுத்தது. குரல் இறங்கியது. நான் ஒரு அடி முன்னால் வர வேண்டியிருந்தது.

“உன் முதல் வருஷத்துல ஒரு சாட்சி பேசினதுல ஒன்றரைப் பக்கம் உன் நோட்டுலயே இல்ல. அழுதுட்டு வந்து நின்ன. ரெண்டு வக்கீலோட குறிப்பையும் வாங்கி, உக்காந்து நிரப்பிக் குடுத்தது யாரு? அதுக்குக் கீழ தன் கையெழுத்தைப் போட்டுக் குடுத்தது யாரு, நீதானே? அதையும் கேன்டீன்ல சொல்லிட்டியா?”

சின்னவள் சத்தமே வராமல் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆறு வருடத்தில் அன்றுதான் முதல் தடவை.

விசாரணை ஒரு புதன்கிழமை. அதில் இந்த அலுவலகங்களுக்கே உரிய ஒரு கூத்து நடந்தது. விசாரணையைச் சான்றிதழ் பெற்ற சுருக்கெழுத்தர்தான் பதிவு செய்ய வேண்டுமாம். வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்தால் பயணப்படி கொடுக்க வேண்டும். அந்த நீதிமன்றத்தில் சான்றிதழ் உள்ள ஆள் ஒருத்திதான். ஆகவே பெரியவளின் வாக்குமூலத்தை எழுதச் சின்னவளையே உட்கார வைத்துவிட்டார்கள்!

கண்ணாடிக்காரர் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாலாவது தடவையாகக் கண்ணாடியின் காதை இறுக்கிக்கொண்டே சொன்னார்.

பெரியவள் அரை மணி நேரம் பேசினாளாம். எதையும் மறைக்கவில்லை. “ஆமாங்கய்யா, திருத்தினேன். பேச்சுல இருந்த தடுமாற்றத்தை எடுத்தேன், அர்த்தத்தை மாத்தல. தப்புன்னு இப்பத்தான் தெரியுது” என்றாள். பிறகு, “நான் மட்டும் இல்லைய்யா” என்று தொடங்கி, அந்த ஒன்றரைப் பக்கத்தையும் சொன்னாள். வழக்கு எண், மாதம், கையெழுத்து, எல்லாம் சேர்த்து. பேசிக்கொண்டே மேசைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். சுருக்கெழுத்தைத் தலைகீழாகவும் படிக்கத் தெரிந்தவள் அவள்.

“ஐயா,” என்றாள், “ஒரு வரி விட்டுப் போச்சு.”

“என்னம்மா?”

“இவங்க பென்சில் நின்னுடுச்சு. நான் கடைசியா சொன்னது நோட்டுல ஏறல. திருப்பிப் படிக்கச் சொல்லுங்க.”

விசாரணை அதிகாரி சின்னவளைப் படிக்கச் சொன்னார். சின்னவள் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். ‘தப்புன்னு இப்பத்தான் தெரியுது’ வரைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. அதற்கப்புறம் வெள்ளைத் தாள்.

“சொன்னதை எழுதலையா?”

“அது... வழக்குக்குச் சம்பந்தமில்லைன்னு...”

“அதை நீங்க முடிவு பண்றதுக்காம்மா பத்து பர்சென்ட் குடுக்கிறோம்?”

கதவுக்கு வெளியே கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பும் வந்ததாம், அழுகையும் வந்ததாம். தம்பி பெண்டாட்டியாயிற்றே.

பெரியவளின் பழைய பதிவுகளில் பத்து வழக்குகளை எடுத்துச் சரிபார்த்தார்கள். ஒரு தீர்ப்பும் மாறவில்லை. எச்சரிக்கை கொடுத்தார்கள், முதல் அறையைக் கொடுக்கவில்லை. அவள் கட்டுகளுக்கு எண் போட்டபடியே ஒரு வருடம் தாக்குப் பிடித்து, விருப்ப ஓய்வு வாங்கினாள். சின்னவளின் சான்றிதழை ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அதோடு பத்து சதவீதமும் நின்றது. முதல் அறை நாற்காலியில் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பையன் உட்கார்ந்தான். பேசியதைப் பேசியபடியே எழுதுவான். தன் தீர்ப்பைத் தானே படித்துப் பார்த்த மூத்த நீதிபதி இரண்டு நாள் விடுப்பில் போனதாகக் கேள்வி.

விசாரணை நாளுக்குப் பிறகு அந்த இரண்டு கதவுகளும் ஒன்றையொன்று பார்த்துத் திறந்ததே இல்லை. ஒருத்தி வெளியே வரும் சத்தம் கேட்டால் மற்றவள் உள்ளேயே நின்றுவிடுவாள். குப்பை வைக்கக்கூட நேரம் பிரித்துக்கொண்டார்கள்.

சின்னவளுக்கு ஐந்து மணி நேரப் பயண தூரத்தில் ஒரு நீதிமன்றத்துக்கு மாற்றல் வந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க எந்த ஊரானால் என்ன என்று தம்பியும் கூடவே போனார். ஊதா சோபா லிஃப்டில் நுழையாததால், மூன்று மாடியும் படி வழியாகத் திருப்பித் திருப்பி இறக்கினார்கள். பெரியவள் கதவு திறக்கவில்லை. கதவுத் துளையில் வெளிச்சம் மட்டும் மறைந்திருந்தது.

அடுத்த வருடம் பெரியவளின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வங்கியில் வேலை, பேச்சு குறைவு. அழைப்பு சித்தப்பாவுக்கு மட்டும் போனது, சித்திக்குப் போகவில்லை. சித்தப்பா தனியாக வந்தார். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சாப்பிடாமல் கிளம்பினார். ஆறு மாதத்தில் கண்ணாடிக்காரர் கடையை விற்றார். பெரியவளும் அவரும் மகள் ஊருக்கே குடிபோய்விட்டார்கள். சின்னவள் வீட்டை ஒரு பல் டாக்டர் வாங்கியிருக்கிறார். பெரியவள் வீட்டுக்குப் போன மாதம் புதுமணத் தம்பதி ஒன்று வந்திருக்கிறது. இருவரும் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று இன்னும் தெரியவில்லை.